வின்ட்ரஷ் இழப்பீடு: அந்தப் படிவத்துக்கு முன்னால் ஆரையும் தனியாக விடாதீங்கோ

தம்பி, தங்கச்சிமாரே, வின்ட்ரஷ் என்ற பேரைக் கேட்டதும் பிரித்தானியாவில் இருக்கிற நம்மில் கன பேர் "அது கரீபியன் ஆட்களுடைய அலுவல்" என்று விட்டுவிடுகிறோம். 1948 ஜூனில் டில்பரித் துறைமுகத்துக்கு ஜமெய்க்காவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்த கப்பலின் பெயர் அது. அதனால்தான் இந்த எண்ணம். ஆனால் 2019 ஏப்ரலில் பிரித்தானிய அரசு தொடங்கிய இழப்பீட்டுத் திட்டம் அந்தக் கப்பலோடு நிற்கவில்லை. 1973 ஜனவரி 1-க்கு முன் இங்கே வந்து குடியேறிய எந்தக் கொமன்வெல்த் நாட்டவரும் கேட்கலாம். அறுபதுகளில் சிலோன் பாஸ்போர்ட்டோடு படிக்க வந்து இங்கேயே வேலையில் அமர்ந்த ஐயாவும் அதில் வருவார், மலேசியாவிலிருந்து நர்ஸிங் படிக்க வந்த அன்ரியும் வருவார். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. அதைவிட, 1988 டிசம்பர் 31-க்கு முன் வந்து இங்கே நிரந்தர வதிவிட உரிமையோடு இருப்பவர் எந்த நாட்டவராக இருந்தாலும் கேட்கலாம். இலங்கையில் நடந்த 83 கலவரத்துக்குப் பிறகு வந்து, அந்தக் காலத்திலேயே பாஸ்போர்ட்டில் வதிவிட முத்திரை குத்தப்பட்டு, பிறகு அந்தப் பழைய பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர்கள் உங்கள் ஊர்ச் சங்கத்திலேயே இருப்பார்கள். ஒருக்கால் விசாரித்துப் பாருங்கோ.

ஆருக்கு இது இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 2000-க்குப் பிறகு வந்து அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. "எடுத்துத் தாறன்" என்று ஆராவது காசு கேட்டால் கொடுக்காதீங்கோ.

நடந்த அநியாயம் என்ன என்று இளம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். இந்த மனிதர்களுக்கு இங்கே வாழச் சட்டப்படி உரிமை இருந்தது. 1971 குடிவரவுச் சட்டம் அந்த உரிமையை உறுதிசெய்தது, ஆனால் கையில் காகிதம் கொடுக்கவில்லை. ஆரும் கேட்கவும் இல்லை. 2014, 2016 சட்டங்கள் வந்த பிறகு முதலாளி, வீட்டுக்காரர், வங்கி, ஆஸ்பத்திரி என்று எல்லாருமே காகிதம் கேட்கத் தொடங்கினார்கள். வந்திறங்கியதைக் காட்டக்கூடிய பழைய தரையிறங்கல் அட்டைகளை உள்துறை அமைச்சான ஹோம் ஒஃபிஸ் 2010-லேயே அழித்துவிட்டிருந்தது. நாற்பது வருசம் வரி கட்டியவர்கள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். சிலரைப் பிடித்து அடைத்தார்கள், சிலரை ஏற்றி அனுப்பினார்கள். 2018 ஏப்ரலில் இந்தக் கதை வெடித்தபோது உள்துறை அமைச்சர் அம்பர் ரட் பதவி விலக வேண்டி வந்தது.

இழப்பீட்டையும் அதே ஹோம் ஒஃபிஸ்தான் கொடுக்கிறது. பாதிச் சிக்கல் இதிலேயே இருக்கிறது. 2021 நவம்பரில் நாடாளுமன்ற உள்துறைக் குழு, இந்த வேலையை வேறொரு சுயாதீன அமைப்பிடம் கொடுக்கச் சொன்னது, கொடுக்கவில்லை. அந்த அறிக்கை வந்தபோதே 23 பேர் காசைக் காணாமல் கண்ணை மூடியிருந்தார்கள். ஆகவே "அவங்களிட்டயே போய்ப் பேர் கொடுத்தால் இருக்கிறதும் போயிடும்" என்று ஐயா பயந்தால் சிரிக்காதீங்கோ. ஹோம் ஒஃபிஸின் வின்ட்ரஷ் உதவிக் குழுவுக்குக் கொடுக்கும் விபரத்தைக் குடிவரவு அமலாக்கப் பிரிவுக்குக் கொடுக்கமாட்டோம் என்று அரசு எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. அதை அச்செடுத்து வாசித்துக் காட்டுங்கோ. அதற்குப் பிறகும் அவர் தயங்கினால், முதலில் ஒரு லோயரோடு கதைத்துவிட்டு முடிவெடுக்கட்டும். அவசரப்படுத்தினால் அவர் உங்களையும் நம்பாமல் போய்விடுவார்.

இதில் இரண்டு அலுவல்கள் இருக்கின்றன, கலந்துவிடாதீங்கோ. ஒன்று, நிலையை உறுதிசெய்யும் பத்திரம் எடுப்பது. அதற்கு வின்ட்ரஷ் திட்டம் என்று தனியாக இருக்கிறது, கட்டணம் இல்லை. மற்றது இழப்பீடு. பத்திரம் இல்லாதவர் முதலில் அதற்குப் போடுவது நல்லது. அந்த விண்ணப்பத்தில் உங்கள் கை எங்கே நிற்க வேண்டும் என்பதிலும் கவனம் வேண்டும். குடிவரவு ஆலோசனை சொல்ல இந்த நாட்டில் அனுமதி வேண்டும். அதை மேற்பார்வை செய்யும் அமைப்புக்கு 2025 ஜனவரியிலிருந்து இமிக்ரேஷன் அட்வைஸ் ஒதோரிட்டி என்று பேர். அனுமதி இல்லாமல் "நீங்கள் இந்தப் பிரிவில் போடுங்கோ" என்று ஆலோசனை சொன்னால் குற்றம், இலவசமாகச் சொன்னாலும் குற்றம். ஆனால் கூடப் போகலாம், கடிதம் வாசித்துச் சொல்லலாம், பழைய காகிதம் தேடலாம், மொழிபெயர்க்கலாம். உண்மையில் அதற்குத்தான் ஆள் குறைவு.

காகிதம் தேடுவது என்றால் வீட்டு அலுமாரியைக் கிண்டுவது மட்டும் இல்லை. முதல் வேலையாக வரித் திணைக்களமான எச்எம்ஆர்சிக்கு எழுதி வேலை வரலாற்றைக் கேளுங்கோ. எந்த வருசம் எந்த முதலாளியிடம் நஷனல் இன்ஷூரன்ஸ் கட்டினார் என்பது அதில் வரும். அந்த வரிசையில் எங்கே ஓட்டை விழுகிறதோ, அங்கேதான் இழப்பு இருக்கிறது. ஹோம் ஒஃபிஸிடம் அவருடைய முழுக் கோப்பையும் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேளுங்கோ, காசு கட்டத் தேவையில்லை. ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. இழுத்தடித்தால் திரும்பத் திரும்ப எழுதுங்கோ. ஜீபியின் கோப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வேலை போன காலத்தில் நித்திரை வரவில்லை என்று டொக்டரிடம் சொல்லியிருந்தால் அந்த வரி தேதியோடு அங்கே இருக்கும். அது பெரிய சாட்சி. 1960-க்கு முன் கப்பலில் வந்தவர் என்றால் லண்டன் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பயணிகள் பட்டியல் இருக்கிறது. விமானத்தில் வந்தவர்களை அதில் தேடி நேரத்தை வீணாக்காதீங்கோ. அவர்களுக்குப் பள்ளிக்கூடப் பதிவு, நர்ஸிங் படித்த ஆஸ்பத்திரியின் சான்றிதழ், டொக்டர் என்றால் மெடிக்கல் கவுன்சிலில் பதிந்த வருசம், கோயிலிலோ தேவாலயத்திலோ நடந்த கலியாணப் பதிவு, இப்படித்தான் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் போட்டு, படியைத்தான் அனுப்புங்கோ; மூலத்தைக் கேட்டால் பதிவுத் தபாலில் மட்டும்.

காகிதம் கிடைக்காத இடத்தில் அயலவரின் கடிதம் நிற்கும். 'நடந்திருக்கக்கூடிய சாத்தியமே அதிகம்' என்ற அளவுக்குக் காட்டினால் போதும், குற்றவியல் வழக்கு மாதிரிச் சந்தேகம் துளியும் இல்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் "இவர் நல்ல மனிதர், கோயிலுக்குத் தவறாமல் வருவார்" என்று எழுதுகிற கடிதம் எதற்கும் உதவாது. எப்போதிருந்து தெரியும், எந்த மாதம் வேலை போனது என்று எப்படித் தெரியும், வாடகைக்கு எவ்வளவு கடன் கொடுத்தீர்கள், எத்தனை மாதம் உங்கள் முன் அறையில் படுத்தார், இதையெல்லாம் எழுதுங்கோ. கூட்டியும் எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம். கீழே கையெழுத்துப் போடுவது உங்கள் பேர்.

இனி, நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுகிற இடம். படிவத்தில் வேலை இழப்பு, வீடு, பெனிஃபிட், தடுத்து வைத்தது என்று பல தலைப்புகள் உண்டு. அதில் ஒன்று, வாழ்க்கையில் ஏற்பட்ட பாதிப்பு. 2020 டிசம்பருக்கு முன் அது 250 பவுணில் தொடங்கியது. சனம் போட்ட சத்தத்தில் குறைந்தது 10,000 ஆனது. அதற்கு மேல் 20,000, 40,000, 70,000, ஒரு லட்சம் என்று படிகள், அதற்கும் மேலே போகலாம். எந்தப் படி என்பதை அவர் எழுதுகிற நாலு பக்கம்தான் தீர்மானிக்கும். அங்கே நம்முடைய ஐயா "கொஞ்சம் கஷ்டப்பட்டனாங்கள், கடவுள் புண்ணியத்தில சமாளிச்சம்" என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பார். ஊரில் தாயின் செத்தவீட்டுக்குப் போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று பயந்து போகாமல் இருந்ததை எழுதமாட்டார். மகளின் கலியாணத்துக்குச் சேர்த்த காசு வாடகைக்குப் போனதையும் எழுதமாட்டார். மானம் போகும் என்று நினைப்பு.

இதைக் கேட்டு எழுத மகனையோ பேத்தியையோ உட்கார வைக்காதீங்கோ. பிள்ளைக்கு முன்னால் அவர் அழமாட்டார், மனைவிக்குத் தெரியாமல் வாங்கிய கடனைச் சொல்லவும் மாட்டார். குடும்பத்துக்கு வெளியில் இருக்கிற, வாயைக் கட்டக்கூடிய ஒருவர் வேண்டும். வயதும் ஒத்துவந்தால் நல்லது. ஒரே இருப்பில் முடிக்கப் பார்க்காதீங்கோ. நாள்காட்டித் தேதி நினைவு வராது, "மூத்தவன் ஏ லெவல் எடுத்த வருசமா, அதுக்கு முதலா?" என்று கேட்டால் வரும். அவர் தமிழில் சொன்னதைத் தமிழிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, பிறகு ஆங்கிலத்தில் போடுங்கோ. மொழிபெயர்ப்பில் அழகு தேட வேண்டாம், அவர் சொன்ன ஒழுங்கும் சொன்ன அளவும் இருந்தால் காணும்.

கரீபியன் சமூகத்திடம் இதில் நாம் படிக்க நிறைய இருக்கிறது. பிரிக்ஸ்டனில் உள்ள பிளாக் கல்ச்சரல் ஆக்கைவ்ஸ் 2018-லேயே இலவசச் சட்ட ஆலோசனைக் கூட்டங்களுக்கு மண்டபத்தைத் திறந்துவிட்டது. தேவாலயங்கள், வீட்டோடு நடத்தும் சின்னச் சங்கங்கள் எல்லாம் இறங்கின. நம்முடைய மண்டபங்கள் சனிக்கிழமை பரதநாட்டிய வகுப்புக்கும் பிறந்தநாளுக்கும் நிரம்பி வழிகின்றன. ஒரு பின்னேரம் இதற்கு ஒதுக்கினால் குடி முழுகிவிடாது. லோயரை எங்கே பிடிப்பது? இந்த இழப்பீட்டு விண்ணப்பத்துக்கு அரசாங்கச் சட்ட உதவி கிடையாது. ஆனால் சவுத்வார்க் லோ சென்டர் போன்ற சட்ட மையங்களும் சில பல்கலைக்கழகச் சட்ட உதவி நிலையங்களும் காசில்லாமல் பார்த்திருக்கின்றன. இருக்கிற ஊரில் அப்படி எது உண்டு என்று தேடி, அவர்களை மண்டபத்துக்கே கூப்பிடுங்கோ. கிடைக்கிற காசில் வீதம் கேட்கிற ஏஜென்ட் வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கோ.

தீர்ப்புக் கடிதம் வந்ததும் "ஏதோ தந்தாங்களே" என்று கையெழுத்துப் போட விடாதீங்கோ. கணக்கு எப்படிப் போட்டார்கள், எந்தத் தலைப்புக்குப் பூச்சியம், ஏன் என்று ஒரு லோயர் பார்க்க வேண்டும். மறுபரிசீலனை கேட்கலாம், அதற்குப் பிறகு வெளியே உள்ள அட்ஜுடிகேட்டர் ஒஃபிஸிடமும் போகலாம். கடிதத்தில் கடைசித் தேதி இருக்கும், அதை அன்றைக்கே குசினிக் கலண்டரில் எழுதுங்கோ. நடத்திய விதத்தில் முறைப்பாடு என்றால் உங்கள் எம்பி மூலமாக நாடாளுமன்ற ஒம்புட்ஸ்மனுக்குக் கொண்டுபோகலாம். எம்பிமாருக்கும் தேர்தல் நேரத்தில் மட்டும் பொங்கல் கொடுக்காமல், இதற்கும் போய்க் கதவைத் தட்டுங்கோ.

இந்தத் திட்டத்துக்குள் வராத, ஆனால் சட்டத்துக்கு மாறாகத் தடுப்பில் வைக்கப்பட்ட இளையவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்கு வேறு வழி: சிவில் நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு. அதற்குப் பொதுவாக ஆறு வருசம் தவணை, மனித உரிமைச் சட்டப்படி என்றால் ஒரு வருசம்தான். வருமானம் குறைந்தவருக்கு அதில் சட்ட உதவியும் கிடைக்கலாம். ஆகவே வெளியில் வந்த கையோடு லோயரைப் பார்க்கச் சொல்லுங்கோ.

திரும்ப வின்ட்ரஷ் திட்டத்துக்கு வருகிறேன். இழப்பீட்டுக்கு உரியவர் உயிரோடு இல்லை என்றாலும் குடும்பம் கேட்கலாம். வாழ்க்கைத் துணை, பிள்ளை, சகோதரர் தங்களுக்கு ஏற்பட்ட பாதிப்புக்குத் தனியாகவும் போடலாம். திட்டத்துக்கு முடிவுத் தேதியை எடுத்துவிட்டார்கள் என்பதால் ஆறுதலாகச் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம், சாட்சி சொல்லக்கூடியவர்களுக்கும் வயது போகிறது.

இழப்பீட்டுக் காசு வந்தால் வரி இல்லை. பென்ஷன் கிரெடிட், ஹவுசிங் பெனிஃபிட் போன்றவற்றைக் கணக்கிடும்போதும் அதைச் சேர்க்கக் கூடாது. ஆனாலும் கவுன்சிலில் ஆராவது தெரியாமல் வெட்டிவிடுவார்கள். வங்கிக்கு வந்த அன்றே இழப்பீட்டுக் கடிதத்தின் படியை அவர்களுக்கு அனுப்பி, அனுப்பியதற்கு அத்தாட்சி எடுத்து வையுங்கோ. முடிந்தால் அதைத் தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கோ. கடன் கேட்டு வருகிற சொந்தக்காரருக்கு என்ன சொல்வது என்பதை ஐயாவே பார்த்துக்கொள்வார்.