ஒர்க்‌ஷாப் நடத்துவது எப்படி? – எங்கள் கடை கற்றுத்தந்த பாடம்



நம்மில் பலருக்கு ஓர் ஆசை உண்டு. டிப்ளமோ முடித்து, இரண்டு வருடம் எங்கேயாவது வேலை பார்த்து, கொஞ்சம் காசு சேர்த்து, சொந்தமாக ஒரு ஒர்க்‌ஷாப் போட வேண்டும் என்பதே அது. விடுதியில் இரவு பத்து மணிக்கு மேல் பேசும் பேச்சில் பாதி இதுதான். எங்கள் அப்பாவும் இந்த ஆசையில்தான் கடை போட்டார். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில், ஒரத்தநாட்டுப் பக்கம், தகரக் கொட்டகை போட்ட ஒரு கடை. கார், லோடு ஆட்டோ, டிராக்டர் எது வந்தாலும் பார்ப்போம். நான் அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து அங்கே நட்டுப் பொறுக்கியவன்.

அந்தக் கடை 2024-ஆம் ஆண்டு மூடுவிழாவுக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி வந்தது. வேலை தெரியாததால் அந்த நிலை வரவில்லை. கணக்கு தெரியாததாலும், வேலைக்காரரை வைத்துக்கொள்ளத் தெரியாததாலும் வந்தது. நம் பாடப்புத்தகங்களில் கியர் ரேஷியோ இருக்கிறது, டிஃபரன்ஷியல் இருக்கிறது. இந்த இரண்டும் அவ்வளவாக இல்லை. ஆகவே நான் பட்டறிந்ததை இம்மலர் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நடந்தது என்ன?

டெல்டாவில் மெக்கானிக் கடையும் ஒரு வகையில் விவசாயம்தான். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. தண்ணீர் வந்தால் குறுவை உண்டு. உழவுக்கு டிராக்டர் ஓடும், உரத்துக்கு லோடு ஆட்டோ ஓடும், ஓடினால் ரிப்பேர் வரும். 2024-இல் அணையில் போதிய தண்ணீர் இல்லாமல் ஜூன் 12 தள்ளிப்போனது. கர்நாடகத்தில் மழை கொட்டி, கடைசியில் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். போர்வெல் வைத்திருந்தவர்கள் குறுவை போட்டார்கள். ஆற்றுப் பாசனத்தை நம்பியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் நின்றால் நாங்களும் நிற்க வேண்டியதுதானே!

எங்கள் கடன் நோட்டில் அப்போது வெளியே நின்ற பாக்கி ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம் ரூபாய். கேட்கப் போனால், "அறுப்பு முடியட்டும் தம்பி, ஓடியா போயிடப் போறேன்?" என்பார்கள். பொய் சொல்கிறவர்கள் இல்லை. அவர்களுக்கும் நெல் விற்றால்தான் பணம்.

இதனால் ஆகஸ்ட் 5-ஆம் தேதி கொடுக்க வேண்டிய சம்பளத்தை அப்பா 18-ஆம் தேதிதான் கொடுத்தார். எங்கள் தலைமை மெக்கானிக் அண்ணன் பதினொரு வருடமாக எங்களிடம் இருந்தவர். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டர் என்று சொல்லுகிற ஆள். முன்னமே மாதம் இரண்டாயிரம் கூட்டிக் கேட்டிருந்தார். அப்பா, "அறுவடை முடியட்டும்" என்று அதே பல்லவியைப் பாடிவிட்டார். அண்ணன் அந்த மாதக் கடைசியில் நின்றுகொண்டார். திருச்சியில் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேர்ந்துவிட்டதாக அப்புறம் தெரிந்தது.

ஐப்பசியில் அடுத்த அடி. ஒரு லோடு ஆட்டோவுக்கு ஆயில் மாற்றிய ஹெல்ப்பர் பையன் டிரெய்ன் பிளக்கைக் கையால் திருகிவிட்டு, ஸ்பேனர் போட்டு இறுக்க மறந்துவிட்டான். சரிபார்க்க மேலே ஆள் இல்லை. வழியில் பிளக் கழன்று, ஆயில் முழுக்கக் கொட்டி, இன்ஜின் பிடித்துக்கொண்டது. எங்கள் கைக்காசில் 42,000 ரூபாய் போட்டு இன்ஜினைச் சரி செய்து கொடுத்தோம். யோசித்துப் பாருங்கள் நண்பர்களே! அண்ணன் கேட்டது மாதம் 2,000. ஒரே நாளில் போனது அவருடைய இருபத்தொரு மாத சம்பள உயர்வு!

தீபாவளி விடுமுறைக்குப் போன நான், மேனேஜ்மெண்ட் பாடத்தில் படித்த செலவுக் கணக்கை எடுத்துக்கொண்டு அப்பாவோடு உட்கார்ந்தேன். அதிலிருந்து கற்ற பாடங்கள் இவை.

பாடம் 1: உன் கடையின் ஒரு மணி நேரம் என்ன விலை?

அப்பா கூலி சொல்வது கண்மதிப்பில். வண்டிக்காரர் முகத்தைப் பார்த்து ஒரு தொகை, பக்கத்துக் கடைக்காரர் வாங்குவதைப் பார்த்து ஒரு தொகை. நாங்கள் இப்போது போடும் மாதக் கணக்கு இது:

வாடகை 12,000
மின்சாரம் 3,000
மூன்று பேர் சம்பளம் (24,000 + 18,000 + 11,000) 53,000
வெல்டிங் கேஸ், வேஸ்ட் துணி, டீ 5,000
கம்ப்ரசர், ஸ்கேனர் கடன் தவணை 7,000
அப்பாவின் சம்பளம் 20,000
ஆக மொத்தம் 1,00,000

அப்பாவின் சம்பளத்தையும் எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். முதலாளி தன் உழைப்பைச் செலவில் சேர்க்காவிட்டால், இல்லாத லாபம் இருப்பதுபோலத் தெரியும்.

இனி நேரம். இரண்டு மெக்கானிக், 26 நாள், 8 மணி நேரம் என்றால் 416 மணி. ஆனால் பொருள் வாங்கப் போவது, போன், வண்டிக்காரரோடு பேச்சு, ஆள் வராத நாள் எல்லாம் போக, காசாகிற நேரம் எங்கள் கடையில் நூற்றுக்கு அறுபதுதான். அதாவது சுமார் 250 மணி. ஒரு லட்சத்தை 250-ஆல் வகுத்தால் மணிக்கு 400 ரூபாய். அப்பாவோ நாலு மணி நேரம் பிடிக்கும் கிளட்ச் வேலைக்கு 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். அடக்கமே 1,600! வேலை நிறைய வந்தும் காசு நிற்காத காரணம் அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. ஸ்பேர் பார்ட்ஸில் கிடைக்கும் கமிஷனை நான் இதில் சேர்க்கவில்லை. திரும்பி வரும் வேலைக்கும் வராத பாக்கிக்கும் அதுவே சரியாகிவிடும்.

"மணிக்கு நானூறா? நம்ம ஊர்ல எவன்டா தருவான்?" என்றார் அப்பா. நியாயமான கேள்வி. அதற்கு வழி, வீணாகும் நேரத்தைக் குறைப்பது. ஒரு ஆயில் சீலுக்காகத் தஞ்சாவூர் போய்வர ஒன்றரை மணி நேரம் போனது. அடிக்கடி கேட்கும் ஃபில்டர், பெல்ட், சீல், பல்பு வகைகளைக் கடையிலேயே வாங்கி வைத்தோம். காசாகும் நேரம் நூற்றுக்கு எழுபதானால் 291 மணி. அடக்கம் மணிக்குச் சுமார் 344 ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது. மிச்சத்தைக் கூலியில் ஒரேயடியாக ஏற்றாமல் இரண்டு மூன்று தடவையாக ஏற்றினோம். வேலை தொடங்கும் முன்பே தொகையை எழுதிக் கொடுத்துவிட்டதால் சண்டை வரவில்லை.

பாடம் 2: கடனுக்கு ஒரு வரப்பு

டெல்டாவில் கடன் கொடுக்காமல் கடை நடத்த முடியாது. ஆனால் வரப்பில்லாத வயலில் தண்ணீர் நிற்காது அல்லவா? நாங்கள் வைத்த வரப்பு மூன்று. ஸ்பேர் பார்ட்ஸுக்குக் கைக்காசு, கூலி மட்டுமே கடன். நோட்டில் தொகையோடு தேதியும் எழுதி, வண்டிக்காரரின் கையெழுத்து. பழைய பாக்கி தீராமல் புதுக் கடன் கிடையாது.

இன்னொன்றும் செய்தோம். சம்பா அறுத்து, தை, மாசியில் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வந்ததும் பழைய பாக்கி வசூலாகும். அதிலிருந்து இரண்டு மாதச் சம்பளமான 1,06,000 ரூபாயைத் தனி பேங்க் கணக்கில் போட்டுவிட்டோம். அதைத் தொடுவது சம்பளத்துக்கு மட்டும். மேட்டூர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஐந்தாம் தேதி ஐந்தாம் தேதிதான். 2025-இல் ஜூன் 12 அன்றே அணை திறந்தது. ஆனால் எல்லா வருடமும் அப்படி இருக்கும் என்று நம்பிக் கடை போடக் கூடாது.

பாடம் 3: ஜாப் கார்டு

அட்டைத் துண்டு ஒன்று போதும். வண்டி எண், கிலோமீட்டர், வண்டிக்காரர் சொன்ன குறை, செய்த வேலை, செய்தவர் பெயர், சரிபார்த்தவர் பெயர். செய்தவரே சரிபார்க்கக் கூடாது. இறுக்கிய ஒவ்வொரு முக்கிய போல்ட்டின் மேலும் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. டிரெய்ன் பிளக்குக்கும் வீல் நட்டுக்கும் இது கட்டாயம். ஐந்து ரூபாய் செலவில்லாத இந்த வழக்கம் முன்பே இருந்திருந்தால் எங்கள் 42,000 மிஞ்சியிருக்கும். பையனைத் திட்டி என்ன பயன்? சரிபார்க்கிற ஏற்பாடு இல்லாதது எங்கள் தப்பு.

பாடம் 4: ஆள் ஏன் போகிறார்?

கணக்கெல்லாம் போட்ட பிறகு அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். காபி கொடுத்தார்கள். ரொம்ப நேரம் யாரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அண்ணனே சொன்னார்:

"சம்பளம் கம்மின்னு மட்டும் போகலைண்ணே. அஞ்சாம் தேதி வரும்னு வீட்ல சொல்லிட்டு பதினெட்டாம் தேதி வரைக்கும் வெறுங்கையோட வந்து நின்னேன். அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். ரைஸ் மில்காரர் எதிர்ல 'இவனுக்கு என்ன தெரியும்'னு சொன்னீங்களே, அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான்பா" என்று அவர் ஒருவரிடம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஆளை அறிந்து வேலையை ஒப்படைப்பது பற்றியது அது. ஒப்படைத்த பிறகு பத்துப் பேர் நடுவில் மட்டம் தட்டினால் எந்த ஆள் நிற்பார்? எங்கள் கடையில் இன்று உள்ள வழக்கங்கள்:

(அ) சம்பளம் ஐந்தாம் தேதி. தாமதமானால் முதலில் தாமதமாவது அப்பாவின் சம்பளம்.
(ஆ) குறையை வண்டிக்காரர் எதிரில் சொல்வதில்லை. ஷட்டர் இறக்கிய பிறகு பேச்சு.
(இ) ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் தனி டூல் பெட்டி. "என் பதினேழு நம்பர் ரிங்கை எவன் எடுத்தான்?" என்ற தினசரிச் சண்டை ஒழிந்தது.
(ஈ) பிரதம மந்திரி விபத்துக் காப்பீட்டில் மூவரையும் சேர்த்தோம். ஆண்டுக்கு 20 ரூபாய்தான். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். சேமிப்புக் கணக்கு உள்ள பேங்கிலேயே சேரலாம்.
(உ) புது வேலை கற்க நேரம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 வந்துவிட்டது. டூவீலரில்கூட கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தாயிற்று. காதால் கேட்டுச் சொல்லும் கலையோடு ஸ்கேனர் படிக்கும் கலையும் வேண்டும். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். 'தொழிலைக் கத்துக்கிட்டுப் போயிடுவானே' என்று பயப்படாதீர்கள். கற்றுக்கொள்ளாதவன் கடையிலேயே இருந்துவிட்டால் நமக்கு அதைவிட நஷ்டம்.

முன்னோர் காட்டிய வழி

நம் தமிழ்நாட்டின் பெரிய மோட்டார் தொழில்களும் பஸ்ஸையும் பட்டறையையும் வைத்துத்தான் வளர்ந்தன. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் நிறுவனம் தொடங்கியவர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, வண்டியை நிறுத்திவிட்டு உட்காராமல் கேஸ் பிளாண்ட் செய்து ஓட்டினார்கள். கோவை ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொடங்கினார். பின்னாளில் தொழிற்கல்விக் கூடம் அமைத்தபோது, நாலு வருடப் படிப்பு நீளம், இரண்டு வருடமே போதும் என்று வாதாடினார். அரசு ஏற்காததால் முதல்வர் பதவியையே விட்டார். கையால் கற்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை! மூன்று வருடம் படிக்கும் நாம் வொர்க்‌ஷாப் வகுப்பை எப்படிக் கழிக்கிறோம் என்பதை நம் மனசாட்சியிடமே கேட்டுக்கொள்வோம்.

முதலுக்கு வழியில்லை என்று சோர வேண்டாம். பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தவர்கள் தொழில் தொடங்க 'நீட்ஸ்' திட்டத்தைத் தமிழக அரசு 2012-இல் கொண்டுவந்தது. 25 சதவீதம் மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள். ஆனால் கடன் கிடைக்கிறது என்பதற்காகப் பெரிய ஷெட்டைப் போட்டுவிடாதீர்கள். முதலில் ஒரு மணி நேரத்துக்கு அடக்கம் என்ன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. அண்ணன் எங்கள் கடைக்குத் திரும்பி வரவில்லை. திருச்சியில் நன்றாகவே இருக்கிறார். ஆனால் 2025 வைகாசியில் ஒரு நாள் அவரே போன் செய்தார். "அண்ணே, எங்க அக்கா பையன் ஐ.டி.ஐ. முடிச்சிருக்கான். நம்ம கடையிலேயே சேத்துக்கிறீங்களா?" என்று கேட்டார்.

அவர் 'நம்ம கடை' என்றதை அப்பா அன்று சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த 11,000 ரூபாய் ஹெல்ப்பர் இடத்தில் இப்போது இருப்பது அந்தப் பையன்தான். பழைய ஹெல்ப்பர், டிரெய்ன் பிளக்கை மறந்தவன், இன்று எங்கள் இரண்டாவது மெக்கானிக். அவன் கோடு போடாமல் ஒரு வண்டியும் வெளியே போவதில்லை.

நாளை கடை போடப்போகும் நண்பர்களே, ஸ்பேனர் செட் வாங்கும் அன்றே ஒரு கணக்கு நோட்டும் வாங்குங்கள்.  

– மூன்றாமாண்டு மாணவன், ஆட்டோமொபைல் துறை