படகுக்கு எந்த ரெகுலேற்றர்?



புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ரெகுலேற்றர் கேட்டால், "எத்தனை அம்பியர்?" என்றுதான் கடையில் முதலில் கேட்பார்கள். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. மின்சாரம் சோலார் பனலிலிருந்து வருகிறதா, காற்றாடியிலிருந்து வருகிறதா என்பதுதான் முதலாவது. பற்றரி நிறைந்ததும் ரெகுலேற்றர் சோலார் பனலின் தொடர்பைத் துண்டித்தால் பனலுக்கு ஒன்றும் ஆகாது. வெயிலில் சும்மா கிடக்கும். காற்றாடியின் சங்கதி வேறு. பற்றரி இழுக்கும் மின்னோட்டம்தான் அதன் இறக்கைகளைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை அறுத்துவிட்டால், வாளி அறுந்த கப்பி போலக் கண்மண் தெரியாமல் சுழலும். வோல்ற் எகிறி ரெகுலேற்றர் எரியும், இறக்கை தெறிக்கவும் கூடும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும் கடலில் இதை ஏட்டுக் கணக்கென்று விட முடியாது. ஆகவே காற்றாடிக்கு வேண்டியது, மிஞ்சும் மின்சாரத்தை ஒரு வெப்பச் சுருளுக்குத் திருப்பிவிடும் ரெகுலேற்றர். காற்றாடியின் உச்ச மின்னோட்டம் முழுவதையும் அந்தச் சுருள் தாங்க வேண்டும். நன்றாகச் சூடேறும், வலைக்கும் டீசல் தாங்கிக்கும் எட்டத்தில் பூட்டு.

இரண்டுக்கும் ஒரே பெட்டி போதாதா என்று கேட்பாய். வெப்பச் சுருளுக்குத் தனி இணைப்பு இருந்தால் போதும். இல்லாவிட்டால் பெட்டியில் காற்றாடிப் படம் போட்டிருந்தும் பயனில்லை. காற்றாடியின் வயர்களைச் சுவிச்சால் ஒன்றோடொன்று சேர்த்து நிறுத்தலாமே என்பாரும் உண்டு. மென்காற்றில் நிற்கும். பலத்த காற்றில் நிற்காமலே உட்சுருள் கருகிவிடலாம். தனித்தனி ரெகுலேற்றர்கள் ஒரே பற்றரியில் மோதிக்கொள்ளும் என்ற பயமும் வேண்டாம்: சோலார் 14.2 வோல்ற்றில் அடங்கும்படி வைத்தால், காற்றாடியினது 14.4-இல் திருப்பிவிடட்டும். மாறி வைத்தால் வெயிலில் கிடைத்த மின்சாரமும் சுருளைச் சூடாக்கவே போய்விடும்.

சோலாருக்கு எம்பிபிடி வகைதான் சிறந்தது என்று விற்பவர் சொல்வது பாதி உண்மை. 36 செல் கொண்ட 100 வாட்ஸ் பனல் ஏறக்குறைய 18 வோல்ற்றில் 5.5 அம்பியர் தரும். மலிவான பிடபிள்யூஎம் வகை ரெகுலேற்றர் அதைப் பற்றரியின் 13 வோல்ற்றுக்கு இழுத்துவிடுவதால் 72 வாட்ஸ் அளவே கிடைக்கும். மிச்சத்தையும் எடுக்கவே எம்பிபிடி. ஆனால் நம் வெயிலில் பனல் 60 பாகை வரை கொதித்தால் அந்த 18 வோல்ற் 15.5 அளவுக்கு இறங்கும். எம்பிபிடி கூடுதலாகத் தருவது பத்துப் பன்னிரண்டு வாட்ஸ்தான். ஒரு சிறிய பனலுக்கு அந்த விலை வீண். வீட்டுக் கூரைக்கான 60 செல் பனலைப் படகில் ஏற்றினால் கதை மாறும்: அது 30 வோல்ற் பனல், பிடபிள்யூஎம்மில் பாதிக்கு மேல் வீணாகும். அப்போது எம்பிபிடி கட்டாயம். வாங்குமுன் கையில் தூக்கிப் பார். உண்மையான எம்பிபிடிக்குள் செப்புக் கம்பிச் சுருள் இருக்கும், முதுகில் அலுமினியத் தகடும் இருக்கும், கனக்கும். இறகு போல இருந்தால் பெயர் மட்டும்தான் எம்பிபிடி.

கையிலுள்ள பணம் இரண்டுக்கும் போதாதென்றால் இப்போதைக்குப் பனலையும் பிடபிள்யூஎம் ரெகுலேற்றரையும் வாங்கு. வெப்பச் சுருளோடு சேர்த்து வாங்க முடியும்வரை காற்றாடியை வாங்காதே.