கூட்டுக் கணனியின் திறப்பு யார் கையில்?

வத்தேகமயில் கடை, கட்டுகஸ்தோட்டையில் கிளை, கண்டியில் ஸ்டோர் என்று வைத்திருக்கும் வர்த்தகர்கள் மூன்றையும் கணனியில் இணைத்துவிடுகிறார்கள். பாதுகாப்பு எப்படி என்று கேட்டால், "பாஸ்வேர்ட் இருக்கிறது" என்பார்கள். அது எத்தனை பேருக்குத் தெரியும் என்பதல்லவா கேள்வி!

இதையே பெரிய அளவில் செய்வதுதான் கிரிட் கணனி முறை. பல ஊர்க் கணனிகள் ஒரே வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத் தரவுகளை ஏறக்குறைய 170 நிலையங்கள் இப்படிப் பகிர்ந்து ஆராய்கின்றன. மும்பாயின் டாட்டா ஆராய்ச்சி நிறுவனமும் அதில் ஒரு பங்காளி. கணனி ஒருவருடையது, வேலை இன்னொருவருடையது. முகம் தெரியாதவரை எப்படி நம்புவது?

முதலாவது, அடையாள அட்டை போன்ற இலத்திரனியல் சான்றிதழ். எல்லா நிலையங்களும் ஏற்றுக்கொண்ட ஓர் அமைப்பு ஆளைச் சரிபார்த்து வழங்கும். அடுத்த ஏற்பாடு நமக்கு நன்றாகவே விளங்கும். ஸ்டோருக்குப் பையனை அனுப்பும்போது, "இன்று மட்டும் இவரிடம் பத்து மூடை கொடுக்கவும்" என்று துண்டு எழுதிக் கொடுப்போம். லாச்சித் திறப்பைக் கொடுப்போமா? அதுபோல, பாவனையாளர் தன் நிரந்தரத் திறப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, தற்காலிகச் சான்றிதழ் ஒன்றை மட்டும் வேலையோடு அனுப்புவார். குளோபஸ் என்ற கிரிட் மென்பொருளில் அதன் வழமையான ஆயுள் 12 மணித்தியாலம். களவு போனாலும் மறுநாள் செல்லாது. சான்றிதழுக்குப் பதிலாக இப்போது வந்துகொண்டிருக்கும் டோக்கன் முறையும் குறுகிய ஆயுள் கொண்டதுதான்.

நீண்ட ஆயுள் திறப்பு என்ன செய்யும் என்பதை 2020 மே மாதம் ஐரோப்பா கண்டது. பல்கலைக்கழகப் பாவனையாளர்களின் களவுபோன நுழைவு விபரங்களைக் கொண்டு அங்குள்ள மீக்கணனிகள் பலவற்றுக்குள் ஆட்கள் புகுந்துவிட்டார்கள். சில இடங்களில் மொனேரோ என்ற மின்நாணயத்தை உற்பத்தி செய்ய அவை பயன்படுத்தப்பட்டன. எடின்பரோவின் ஆர்ச்சர் மீக்கணனியை மே 11இல் மூடி, பாவனையாளர் அனைவரினதும் பாஸ்வேர்டுகளையும் திறப்புகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. அதனால் எல்லோரும் வேலையிழந்து நின்றார்கள்.

உள்ளே வந்தவரே பொய்க்கணக்குக் கொடுத்தால்? 1999இல் தொடங்கி 2020 வரை பொதுமக்களின் வீட்டுக் கணனிகளுக்கு வேலை அனுப்பிய செட்டி அட் ஹோம் திட்டத்துக்கு இத்தொல்லை இருந்தது. புள்ளிகளுக்காகச் சிலர் போலி விடைகளை அனுப்பினார்கள். எனவே ஒரே வேலையை ஒன்றுக்கு மேற்பட்ட கணனிகளுக்குக் கொடுத்து விடைகளை ஒப்பிட்டார்கள். ஸ்டோரில் இருவர் தனித்தனியே சரக்கு எண்ணுவது போலத்தான்.

நமது கடைகளில் இதற்குப் பெரிய செலவு இல்லை. ஆளுக்கொரு பாஸ்வேர்ட் கொடுங்கள். கிளைக்காரருக்குக் கிளைக் கணக்கு மட்டும் திறக்கட்டும். விலகிப் போகும் பையனின் பெயரை, சம்பளம் கொடுக்கும் அன்றே கணனியிலிருந்து எடுத்துவிடுங்கள். மென்பொருள் பூட்டித் தந்தவரிடமும் ஒரு பாஸ்வேர்ட் இருக்கும், அதையும் கேளுங்கள்.