ஈயம் இரண்டு வகை

பெட்டாலிங் ஜெயாவை அடுத்துள்ள பண்டார் சன்வே, ஒரு காலத்தில் ஈயச் சுரங்கமாக இருந்த நிலமாகும். அங்குத் தோண்டியெடுக்கப்பட்டது வெள்ளீயம். உணவு டின்களின் இரும்புத் தகட்டில் மெல்லிதாகப் பூசப்பட்டு, துருப் பிடிக்காமல் காப்பது அதுவே. நம் பாட்டிமார் ரசம் வைத்த ஈயச் சொம்பும் வெள்ளீயமே. 232 பாகை செல்சியசில் உருகிவிடுமாதலால், வெறுஞ்சொம்பை அடுப்பில் ஏற்றலாகாது. (ஏற்றிவிட்டு மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மருமகள்கள் இதனை நன்கறிவர்!)

கார் பேட்டரியில் உள்ள காரீயமோ நஞ்சு. அது கலந்த சொம்பில் புளி ரசம் கொதித்தால், நஞ்சு ரசத்தில் கரையும்; சிறுவர்களின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பார்வையால் மட்டும் கலப்படத்தைக் கண்டறிய இயலாது. ஆகவே, ஐயத்திற்குரிய சொம்பை ஒதுக்கிவிட்டு, எவர்சில்வர் பாத்திரத்திலேயே ரசம் வைக்குமாறு தோட்டத்துத் தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறோம்.