மீனுக்குக் குளிராதா?

அன்புள்ள யாழினிக்கு,

பைக்காரா ஆற்றுத் தண்ணீரில் கையை விட்டால் விரல் மரத்துப்போகிறது, அதற்குள்ளேயே கிடக்கும் மீனுக்குக் குளிராதா என்று கேட்டு எழுதியிருந்தாய். பள்ளிப் புத்தகத்தில் மீன் படம் போட்டு, அம்புக்குறி இட்டு, உறுப்புகளின் பெயரை எழுதச் சொல்வார்கள். அந்தப் பெயர்களை எப்போது வேண்டுமானாலும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். உன் கேள்வி அவற்றைவிடப் பெரியது. அதைப் பிடித்துக்கொண்டே மீனின் உடம்புக்குள் போவோம்.

நம் உடம்பு 37 டிகிரியில் இருக்கிறது. தண்ணீர் 12 டிகிரியில் இருந்தால் நம் சூட்டை அது பறித்துக்கொள்ளும். அந்த இழப்பைத்தான் குளிர் என்கிறோம். மீனுக்கு இழக்கச் சூடு கிடையாது. தண்ணீர் 12 டிகிரி என்றால் அதன் உடம்பும் ஏறக்குறைய 12 டிகிரிதான். அதனால் நமக்குக் குளிர்வதுபோல் அதற்குக் குளிர்வதில்லை. நம் நீலகிரி மலையில் வாழும் டிரவுட் மீனுக்கோ இந்தக் குளிர்தான் வாழ்வே.

டிரவுட் இந்த மலையில் பிறந்த மீன் அல்ல. ‘ரெயின்போ டிரவுட்’டின் பூர்விகம் பசிபிக் கடலில் வந்து விழும் வட அமெரிக்க ஆறுகள். உன் ஊரான நடுவட்டத்தில் சின்கோனாத் தோட்டங்கள் போடப்பட்ட அதே 1860களில், சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். அது கைகூடவில்லை. வெப்பக் கடலையும் சமவெளியையும் கடந்து வர முட்டைகளால் முடியவில்லை. பின்னால் ஹென்றி வில்சன் என்பவர் பொறுப்பேற்று, 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த பிறகுதான் ரெயின்போ டிரவுட் இங்கே நிலைகொண்டது. இன்றும் அந்தப் பொரிப்பகம் மீன்வளத் துறையின் கையில் இருக்கிறது.

தவளைமலையில் நின்று கூடலூர்ப் பக்கம் பார்க்கிறாயே, அங்கே மலை சட்டென்று இறங்குகிறது. முக்குருத்தியில் பிறக்கும் பைக்காராவும் அப்படித்தான் இறங்கிப் போய் மாயாறு ஆகிறது. அதே ஆறு, அதே தண்ணீர். ஆனால் மேலே வாழ்கிற டிரவுட் கீழே, முதுமலைக் காட்டு வெயிலில், வாழாது. காரணம் செவுளில் இருக்கிறது.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மிகக் கொஞ்சம். கடல் மட்டத்தில் 10 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை. நாம் மூச்சிழுக்கும் காற்றிலோ ஒரு லிட்டரில் இதைப்போல் இருபது மடங்குக்கு மேல் இருக்கிறது. சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கும் உன் ஊரில் காற்றழுத்தமும் குறைவு. ஆகவே தண்ணீரில் கரைவது இன்னும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். அந்தக் குறையைக் குளிர்தான் ஈடுகட்டுகிறது. வெப்பம் கூடினால் மீனுக்கு இரட்டை அடி. தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்; அதே நேரத்தில் மீனின் உடம்பு வேகமாக இயங்கத் தொடங்கி அதிகம் கேட்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். 25 டிகிரியை நெருங்கினாலே ரெயின்போ டிரவுட் திணறுகிறது.

இவ்வளவு கொஞ்சத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைக்கிறது? எனக்கு மீனில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மீன் வாயைத் திறந்து தண்ணீரை வாங்குகிறது. வாயை மூடித் தொண்டையின் அடித்தளத்தை உயர்த்துகிறது. செவுள் மூடி திறந்து தண்ணீர் பின்னால் வெளியேறுகிறது. நம் மூச்சு போன வழியே திரும்பும். மீனுடையது ஒருவழிப் பாதை. செவுளின் சிவந்த இழைகள் ஒவ்வொன்றிலும் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அவற்றின் மீது தண்ணீர் ஒரு திசையில் போகிறது. உள்ளே ரத்தம் எதிர்த் திசையில் வருகிறது. தகட்டைவிட்டு வெளியேறப்போகும் ரத்தம், அப்போதுதான் உள்ளே நுழையும் புதுத் தண்ணீரைச் சந்திக்கிறது. அதனால் கடைசிப் புள்ளிவரை தண்ணீரில் ரத்தத்தைவிட ஆக்சிஜன் சற்றுக் கூடுதலாகவே இருக்கும், வாங்குவதும் நிற்காது. இரண்டும் ஒரே திசையில் ஓடியிருந்தால் பாதியிலேயே சமமாகி நின்றுபோயிருக்கும். இந்த ஓர் ஏற்பாட்டால், கடந்துபோகும் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனில் பெரும்பகுதியை மீன் எடுத்துக்கொள்கிறது.

செவுளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நன்னீரைவிட மீனின் ரத்தத்தில் உப்பு அதிகம். ஊறப்போட்ட உலர்திராட்சை உப்புவதுபோல் மீனுக்குள்ளும் தண்ணீர் ஓயாமல் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பது மிகவும் குறைவு. சிறுநீரகம் நீர்த்த சிறுநீரை நிறையக் கழித்துக்கொண்டே இருக்கிறது. இழந்த உப்பைச் செவுளிலுள்ள தனி உயிரணுக்கள் தண்ணீரிலிருந்து ஈர்த்துச் சேர்க்கின்றன.

இனி நீயே பார். டிரவுட் கிடைப்பது அரிது. கண்ணாடிக் கெண்டை போதும். அதுவும் வந்தேறிதான், 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். உடம்பில் அங்கங்கே மட்டும் பெரிய செதில்கள் மின்னும். கழுவ எடுக்கும்போது அம்மாவிடம் ஐந்து நிமிடம் கேள். கத்தியை அம்மாவே பிடிக்கட்டும்.

முதலில் பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஓடும் கோட்டைத் தடவிப் பார். தண்ணீரின் அசைவை மீன் அதன் வழியாகத்தான் உணர்கிறது. செவுள் மூடியைத் தூக்கிப் பார். பளிச்சென்று சிவப்பாக இருந்தால் மீன் புதிது. தொண்டைக்குக் கீழே, செவுளை ஒட்டி, சிறிய இதயம் இருக்கும். அதற்கு ஒரு மேலறை, ஒரு கீழறை. ரத்தம் இதயத்திலிருந்து செவுளுக்கும், அங்கிருந்து நேரே உடம்புக்கும் போய்த் திரும்புகிறது, ஒரே சுற்று.

வயிற்றில் இரைப்பையைத் தேடாதே. கெண்டைக்கு இரைப்பையே கிடையாது, நீண்ட குடல்தான். தாடையில் பல்லும் இல்லை. தொண்டைக்குள் இருக்கிறது, அங்கே அரைத்துக்கொள்கிறது. பூச்சியையும் சிறு மீனையும் துரத்திப் பிடிக்கும் டிரவுட்டுக்கோ வாயில் கூரிய பற்களும், நல்ல இரைப்பையும் உண்டு. பித்தப்பையைக் கிழித்துவிடாமல் எடுக்கச் சொல், கசந்துவிடும்.

குடலுக்கு மேலே வெள்ளையாக மின்னுவது காற்றுப்பை. கெண்டையில் அது இரண்டு அறையாக இருக்கும். மீன் மிதக்காமலும் மூழ்காமலும் ஓரிடத்தில் நிற்க உதவுவது அது. கெண்டையில் கூடுதலாக ஒரு விசேஷம்: சின்னஞ்சிறு எலும்புகள் அந்தப் பையை உட்காதுடன் இணைக்கின்றன. பை ஒலியில் அதிர, எலும்புகள் அதைக் காதுக்குச் சேர்க்கின்றன. டிரவுட்டுக்கு இந்த வசதி இல்லை. காற்றுப்பைக்கும் மேலே, முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாகப் படிந்திருப்பதை ரத்தக்கட்டி என்று சுரண்டி எறிவார்கள். அதுதான் நான் சொன்ன சிறுநீரகம்.

சினை இருந்தால் உற்றுப் பார். கெண்டையின் முட்டைகள் கடுகளவே. ஒரு மீனில் லட்சக்கணக்கில் இருக்கும். செடிகளில் ஒட்டி, இதமான தண்ணீரில் சில நாட்களிலேயே பொரிந்துவிடும். டிரவுட் முட்டை அப்படியல்ல. நான்கைந்து மில்லிமீட்டர் பருமன். ஒரு கிலோ தாய் மீனில் சுமார் 2,000தான் இருக்கும். ஆற்றுக் கூழாங்கற்களுக்குள் புதைந்து, 10 டிகிரித் தண்ணீரில் ஒரு மாதம் காத்திருக்கும். கற்களிடையே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அதற்கு மூச்சு. சேறு படிந்தால் செத்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்த இரண்டு மீனையும் வியந்து பார்க்கலாம். ஆனால் இவை நம் மீன்கள் அல்ல. நம் மலைக்கே உரிய ஒரு சிறு மீன் இருக்கிறது. 1867-ல் அதே பிரான்சிஸ் டே அதற்கு நீலகிரியின் பெயரையே வைத்தார். இன்று அது அருகிவரும் இனம். வெளியிலிருந்து வந்த பெரிய மீன்களோடு சிறு மீன் போராடும் ஓடையில் இன்னொரு வெளி மீனைச் சேர்ப்பதை நான் பெருங்கேடாகவே நினைக்கிறேன். உன் தோழி வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கப்பி மீன்கள் பெருகிவிட்டன என்று எழுதியிருந்தாயே, அவற்றை ஓடையில் விட வேண்டாம் என்று அவளிடம் சொல்.

செவுள் இழைகளைத் தாங்கும் வளைவுகள் ஒரு பக்கத்தில் எத்தனை என்று நான் வேண்டுமென்றே எழுதவில்லை. எண்ணிப் பார்த்துப் பதில் போடு.

அன்புடன்,
உன் பெரியப்பா