நிலக்கடலைச் சத்திலிருந்து நூல்

நிலக்கடலைப் பிண்ணாக்கு மாட்டுக்கு ஆகாரமாகவும் பயிருக்கு எருவாகவும் உதவுவதைக் குடியானவர்கள் யாவரும் அறிவர். அதே கடலையின் சத்திலிருந்து கம்பளியை ஒத்த நூலும் செய்யப்பட்டதென்பது பலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆட்டுமயிரும் பட்டும் புரதத்தாலானவையே. ஆகவே புரதம் மிகுந்த பிற வஸ்துக்களிலிருந்தும் இழை எடுக்க முயன்றதில் வியப்பில்லை. இத்தாலியில் அந்தோனியோ பெரெட்டி என்பவர் 1935-ம் வருஷத்தில் வெண்ணெய் எடுத்த பாலிலிருந்து ‘லானிட்டல்’ என்னும் நூலைச் செய்தார். பின்னர் பிரிட்டனில் ஐ.சி.ஐ. கம்பெனியார் நிலக்கடலையிலிருந்து ‘ஆர்டில்’ நூலை உண்டாக்கி, 1951-ல் ஸ்காட்லாந்திலுள்ள டம்ப்ரீஸில் அதற்கென ஆலையும் நிறுவினர்.

செய்முறை வருமாறு. கடலையின் தோலை நீக்கி, அதிகச் சூடு படாமல் கரைப்பான் கொண்டு எண்ணெயைப் பிரிக்க வேண்டும். சூடு மிஞ்சினால் புரதம் கரையாது. எஞ்சிய மாவை நீர்த்த காஸ்டிக் சோடாவில் கரைத்துச் சக்கையை வடித்தபின் திராவகம் சேர்த்தால், பால் திரிவதுபோலப் புரதம் திரிந்து அடியில் படியும். அதை மறுபடியும் காரத்தில் கரைத்து, பாகுபதம் வந்ததும் நுண்ணிய துளைகளின் வழியே திராவகமும் உப்பும் கலந்த தொட்டிக்குள் செலுத்துவர். இடியாப்பம் பிழிவதை ஒத்ததே இவ்வேலை. உறைந்த இழையைப் பார்மலினால் பதப்படுத்தாவிடில் அது உழைக்காது.

இதனால் ஒன்று விளங்கும். எக்ஸ்பெல்லரில் சூடேறிய பிண்ணாக்கு இதற்கு உதவாது. செக்குப் பிண்ணாக்கிலோ எண்ணெய் தங்கிவிடும். காரமும் பார்மலினும் கையாளும் இத்தொழில் வீட்டில் செய்யத்தக்கதுமன்று.

ஆர்டில் மிருதுவானது, வெதுவெதுப்பானது. ஆயினும் நனைந்தால் வலுக் குறையும். ஆட்டுமயிர், பருத்தி இவற்றுடன் கலந்தே பெரும்பாலும் நெய்தனர். நைலான் முதலிய செயற்கை நூல்களின் போட்டிக்கு ஈடுகொடுக்க இயலாமல் 1957-ல் உற்பத்தி நின்றது.

அன்றியும், நல்ல பிண்ணாக்கைக் கழிவென்று சொல்லுதல் தகாது. அதில் நூற்றுக்குச் சுமார் 45 பங்கு புரதமும் 7 பங்கு தழைச்சத்தும் உள்ளன. மாட்டுக்கு இட்டால் பாலாகவும் சாணமாகவும் நிலத்துக்கே திரும்பும் பொருள் அது. ஜெர்மனியில் 2011-ல் தோன்றிய கியூமில்க் நிறுவனம், மனிதர் உணவுக்கு ஆகாத பாலையே நூலுக்கு எடுத்துக்கொண்டது, அவ்வழியே ஏற்கத்தக்கது. நூலாலைக்கென்று பிண்ணாக்கு கேட்டு எவரேனும் முன்பணத்துடன் வந்தால், எண்ணெய் எம்முறையில் எடுக்கப்படும், மாட்டுத் தீவனத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்னும் இரண்டையும் எழுத்தில் பெற்ற பின்னரே மிராசுதாரர்கள் ஒப்பந்தம் செய்துகொள்ளும்படி கிராம அதிகாரிகள் அறிவுறுத்த வேண்டும்.