லினக்ஸ் கணிப்பொறியில் டிரைவ் இணைய மறுத்தால்

களப்பணியாளர் ஒருவர் பல வாரங்கள் அலைந்து சேகரித்த மண் பரிசோதனை விவரங்களைப் பென்டிரைவில் கொணர்கிறார். கணிப்பொறியோ, ‘டிரைவை இணைக்க இயலவில்லை’ என்று அறிவிக்கிறது. இவ்வேளையில் பொறுமையிழந்து டிரைவை ஃபார்மட் செய்துவிடுவோரும் உளர். உழைப்பு முழுவதும் அக்கணமே வீணாகிறது. பெரும்பாலான சந்தர்ப்பங்களில் இம்மறுப்பு ஓர் எச்சரிக்கையேயன்றி டிரைவின் அழிவைக் குறிப்பதன்று.

விண்டோஸ் முறையில் ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனி எழுத்து வழங்கப்படுகிறது. லினக்ஸில் அங்ஙனமன்று. கோப்புகள் யாவும் ஒரே மரமாக அமைந்துள்ளன. புதிய டிரைவ், ஒட்டுக்கிளை போல, அம்மரத்தின் ஓரிடத்தில் பொருத்தப்படுகிறது. இதுவே ‘மவுண்ட்’ எனப்படும். இது தவறினால் கீழ்க்கண்ட வரிசையில் காரணத்தைத் தேடுதல் வேண்டும். கட்டளைகள் எழுத்தெழுத்தாகத் தரப்பட்டுள்ளன. அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துக்களில் இடைவெளியின்றித் தட்டச்சு செய்க.

முதலாவது, கருவி தென்படுகிறதா? ‘எல்-எஸ்-பி-எல்-கே’ என்னும் கட்டளை, கணிப்பொறி கண்டறிந்த டிரைவுகளைப் பட்டியலிடும். அதில் பென்டிரைவ் இல்லையெனில் கம்பியையும் துளையையும் மாற்றிப் பார்க்க வேண்டும். ‘டி-எம்-இ-எஸ்-ஜி’ என்னும் கட்டளை காட்டும் குறிப்புகளில், படிப்பதிலும் எழுதுவதிலும் பிழை என்னும் பொருளுடைய வரிகள் திரும்பத் திரும்ப வருமாயின், டிரைவே பழுதுற்றிருக்கலாம். அப்பொழுது பழுதுநீக்க முயலாது, இயன்ற அளவு தகவலைப் பிரதி எடுப்பதே முதற்கடமையாகும்.

இரண்டாவது, கோப்பு முறைமை புரிகிறதா? பெரிய பென்டிரைவுகளில் எக்ஸ்ஃபேட் முறைமை வழக்கமாக உள்ளது. லினக்ஸ் கருவில் இதற்கான ஆதரவு 2019-ஆம் ஆண்டிலேயே முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே பழைய கணிப்பொறிகளில் இதற்கெனத் தனி மென்பொருளை நிறுவ வேண்டியிருக்கும்.

மூன்றாவது, டிரைவ் முறையாக மூடப்பட்டதா? தமிழ்நாட்டு ஆசிரியர்கள் இதனை நன்கு கவனித்தல் வேண்டும். 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின்கீழ், விண்டோஸும் நம் நாட்டிலேயே உருவான பாஸ் லினக்ஸும் ஒருங்கே அமைந்த கணினிகள் மாணவர்க்கு வழங்கப்பட்டன. இங்ஙனம் இரண்டும் உள்ள கணினிகளில் ஒரு சிக்கல் நேர்வதுண்டு. 2012-இல் வெளியான விண்டோஸ் 8 முதற்கொண்டு, விரைவாகத் தொடங்கும் பொருட்டுக் கணினி முற்றிலும் அணைவதில்லை. தன் நிலையை டிஸ்கில் எழுதிவைத்து உறங்குகிறது. அந்நிலையில் லினக்ஸ் அப்பகுதியில் எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும். ஆதலின் லினக்ஸ் மறுக்கிறது, அல்லது படிக்க மட்டும் அனுமதிக்கிறது. பரிகாரம் எளிது: விண்டோஸிற்குச் சென்று, ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, மீண்டும் தொடங்கும்போது லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் போதும். விரைவுத் தொடக்க வசதியை நிறுத்திவிடுதல் நிரந்தரத் தீர்வாகும்.

நான்காவது, தொடக்கப் பட்டியல் சரியானதா? ‘எஃப்-எஸ்-டி-ஏ-பி’ என்னும் கோப்பில் குறிக்கப்பட்ட டிரைவ் அகற்றப்பட்டிருந்தால், கணினி தொடங்காமலே நின்றுவிடலாம். கழற்றக்கூடிய டிரைவுகளின் வரியில் ‘என்-ஓ-எஃப்-ஏ-ஐ-எல்’ என்னும் விருப்பத்தைச் சேர்த்தால் இவ்விடர் நேராது.

‘எஃப்-எஸ்-சி-கே’ என்னும் பழுதுநீக்கும் கட்டளையை, இணைந்திருக்கும் டிரைவின்மீது ஒருபோதும் இயக்கலாகாது. இணைப்பைத் துண்டித்த பின்னரே, அதுவும் பிரதி எடுத்த பின்னரே, அதனைக் கையாளுதல் நலம்.

வகுப்பில் செய்ய ஒரு பயிற்சி: முக்கியக் கோப்புகள் இல்லாத பென்டிரைவ் ஒன்றைச் செருகி, பட்டியலில் அதன் பெயரையும் அது பொருத்தப்பட்ட இடத்தையும் மாணவர் குறித்துக்கொள்க. பின்னர் முறைப்படி இணைப்பை நீக்கி, பட்டியலை மீண்டும் நோக்குக. பெயர் இருக்க, இடம் மறைந்திருப்பதைக் காணலாம். கருவி இருப்பதும் அது இணைந்திருப்பதும் வேறு வேறு என்னும் உண்மை இதனால் விளங்கும். இதனை உணர்ந்தவர் பிழைச்செய்தியைக் கண்டு அஞ்சார். அவசரப்பட்டு எதனையும் அழிக்கவும் மாட்டார்.